ஒரு பகலில் ஒரு தலைநகர்: லிஸ்பனில் காணத்தக்க மூன்று இடங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். சோற்றைப் பொறுத்தவரை இஃது உண்மையே. ஊரைப் பொறுத்தவரை அத்துணை எளிதன்று. பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பவருக்குத் தாம் அறிய விரும்புவது எது என்பதில் ஐயமில்லை. வெந்ததா, வேகவில்லையா என்பதே அவர்தம் வினா. ஆனால், அயல்நாட்டுத் தலைநகர் ஒன்றில் ஒரே ஒரு பகல் தங்கும் வாய்ப்புப் பெறுவோர் பலரிடம் அத்தகைய வினா எதுவும் இருப்பதில்லை. இருபது இடங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றே இருக்கிறது.

பட்டியலைக் கையில் ஏந்தி ஓடுவோர் படும் பாடு யாவரும் அறிந்ததே. காலையில் ஒரு கோட்டை, பத்து மணிக்கு ஒரு தேவாலயம், பதினொன்றுக்கு ஓர் அரண்மனை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஒரு நிழற்படம். மாலையில் கால் ஓய்கிறது. ஊர் திரும்பியபின், "என்ன கண்டீர்கள்?" என்று மாணவர் வினவினால், விடையாக வருவன பெயர்களே. ஒரு பாட வேளைக்குள் பத்துப் பாடங்களை நடத்தி முடிக்க முற்படும் புதிய ஆசிரியரின் நிலை இதுதான். அவர் பேசியிருப்பார், பிள்ளைகள் கற்றிருக்கமாட்டார்கள்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் பாடக்குறிப்பு எழுதப் பழகியவர்கள். முதலில் நோக்கம், அடுத்துப் பீடிகை, பின்னர் வளர்ச்சி, இறுதியில் மீள்பார்வை என்பது அதன் அமைப்பு. ஒரு நாள் பயணத்துக்கும் இதனினும் சிறந்த முறை வேறில்லை. ஒரு நாள், ஒரு வினா, அவ்வினாவுக்கு விடை தரும் இரண்டு மூன்று இடங்கள் என வகுத்துக்கொண்டால், ஒரு பகலும் போதிய காலமாகும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இம்முறையைக் கையாளுவதற்கு மிகவும் ஏற்ற ஐரோப்பியத் தலைநகர் ஒன்று உண்டு. அது போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன்.

வினா எது?

1511ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அபோன்சோ டி அல்புகர்க் என்னும் போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவைக் கைப்பற்றினார். அன்றுமுதல் 1641ஆம் ஆண்டு சனவரியில் டச்சுக்காரர் வெல்லும்வரை, 130 ஆண்டுகள் அத்துறைமுகம் போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கே அவர்கள் எழுப்பிய கோட்டைக்குப் பள்ளிவாசல்களின் கற்களும் சுல்தான்களின் கல்லறைக் கற்களும் பயன்பட்டன. அக்கோட்டையை ஆங்கிலேயர் 1807இல் இடித்தனர். சந்தியாகு வாயில் எனப்படும் ஒரு வாயில் மட்டும் இன்று எஞ்சி நிற்கிறது. நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாச் சென்று நிழற்படம் எடுத்துக்கொள்வது அவ்வாயிலின் முன்னர்த்தான்.

இந்நிகழ்ச்சியில் தமிழருக்கும் பங்குண்டு. அக்கால மலாக்காவில் தமிழ் வணிகர் செல்வாக்கோடு வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் போர்த்துக்கீசிய ஏடுகளில் நீனா சத்து என்று குறிக்கப்படுபவர். 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு அவர் உதவினார். நகர் வீழ்ந்தபின் வென்றவர்கள் அவருக்குப் பெண்டஹாரா பதவியை அளித்தனர். 1514இல் அப்பதவி வேறொருவருக்கு மாற்றப்பட்டபோது, மானம் பொறாது தீயிற் புகுந்து மாண்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆகவே இக்கதையில் தமிழர் வெறும் பார்வையாளர் அல்லர். வென்றவருக்குத் துணை நின்றோரும் அவர்களே. அதனால் இழந்தோரும் அவர்களே.

எனவே லிஸ்பனுக்குச் செல்லும் நம்மவர் கையில் கொண்டு செல்லத்தக்க வினா இதுவாகும்: நம் கரைக்குக் கப்பல் அனுப்பிய ஊர், அக்கரையிலிருந்து எவற்றை எடுத்துக்கொண்டது? எவற்றைக் கொடுத்தது? அவற்றுள் எதனை இன்றும் தன் நினைவில் வைத்திருக்கிறது?

நகரின் கிடக்கை

லிஸ்பன், தேசோ என்னும் ஆறு அட்லாண்டிக் மாகடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில், ஆற்றின் வடகரையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் வாழ்வோர் ஏறத்தாழ 5,45,000 பேர். கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் நோக்கச் சிறிய ஊரே. வானூர்தி நிலையம் நகருக்குள்ளேயே உள்ளது. 2012ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து சுரங்க இரயில் ஓடுகிறது. அலமேடா நிலையத்தில் ஒருமுறை வண்டி மாறினால் நகரின் நடுவிடத்தை அடையலாம்.

ஒரு நாள் பயணி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய படம் எளியது. ஆற்றங்கரையை ஒரு நேர்கோடாகக் கொள்க. அக்கோட்டின் மேற்கு முனையில், நகர நடுவிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பெலெம் என்னும் பகுதி. கோட்டின் நடுவில் இருப்பது அரண்மனைத் திடல். அதற்குச் சற்றுக் கிழக்கே குன்றின்மேல் இருப்பது அல்பாமா என்னும் பழைய குடியிருப்பு. காலையில் மேற்கே சென்று, நண்பகலில் நடுவுக்கு மீண்டு, மாலையில் கிழக்கே குன்றேறினால், ஒரே கோட்டில் நாள் முழுதும் அமைந்துவிடும். வந்த வழியே திரும்பத் திரும்ப அலைய வேண்டுவதில்லை.

காலை: பெலெம்

காயிஸ் டோ சொட்ரே என்னும் நிலையத்திலிருந்து இரயில் ஏறினால் சில நிமிடங்களில் பெலெம் வந்துவிடும். நகர நடுவிலிருந்து 15ஆம் எண் டிராம் வண்டியும் அங்கே செல்கிறது. திறக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே சென்று வரிசையில் நிற்றல் நலம். திங்கட்கிழமைகளில் இங்குள்ள பெருங்கட்டடங்கள் மூடியிருக்கும். ஆதலின் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உடையோர் திங்களைத் தவிர்க்க வேண்டும்.

1497ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், 4 கலங்களோடும் ஏறத்தாழ 170 பேரோடும் வாஸ்கோ ட காமா புறப்பட்டது இக்கரையிலிருந்துதான். 1498ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அவர் கள்ளிக்கோட்டைக்கு அருகில் நங்கூரமிட்டார். சென்றவருள் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. எனினும் கடல்வழி திறந்துவிட்டது. மாலுமிகள் வழிபட்டுச் சென்ற சிறுகோயில் இருந்த இடத்தில் மன்னர் முதலாம் மனுவேல் ஒரு பெருமடத்தை எழுப்பத் தொடங்கினார். அதுவே செரோனிமோஸ் மடம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய வேலை முற்றுப்பெற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது விதித்த வரியிலிருந்து அதற்குப் பொருள் கிடைத்தது. அச்சரக்குகளுள் தலையாயது மிளகு. சந்தியாகு வாயிலைக் கண்டவர் இம்மடத்தின் தூண்களின் முன் நிற்கும்போது இரண்டு கற்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கல்லறையைப் பெயர்த்துக் கோட்டை எழுந்தது. இங்கே மிளகு கல்லாயிற்று.

மடத்தின் தூண்களில் கயிற்று முடிச்சுகளும் பவளக் கொடிகளும் கடற்பொருள்களும் செதுக்கப்பட்டுள்ளன. இந்தச் சிற்ப முறைக்கு மனுவேல் மன்னரின் பெயரே வழங்குகிறது. தேவாலயத்திற்குள் நுழைந்தவுடன் இருபுறமும் இரண்டு கல்லறைகள் தோன்றும். ஒன்று வாஸ்கோ ட காமாவுக்கு உரியது. அவர் 1524இல் கொச்சியில் இறந்தார். அவர்தம் எலும்புகள் பின்னர்ப் போர்த்துக்கலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1880இல் இவ்விடம் சேர்க்கப்பட்டன. மற்றொன்று கமோயிஸ் என்னும் பெரும்புலவருக்கு எடுத்தது. 1572இல் வெளிவந்த 'லூசியாடாஸ்' என்னும் அவருடைய காப்பியத்தின் பத்தாம் காண்டத்தில் மலாக்காவும் மயிலாப்பூரும் இடம்பெறுகின்றன. ஒரு நாட்டின் தலைசிறந்த காப்பியத்தில் நம்முடைய இரண்டு ஊர்கள் இடம்பெற்றிருப்பதைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

அதன்பின் கருவறைப் பக்கம் சென்று சுவரோரம் நோக்குக. அரசர்களின் கற்பேழைகளைத் தாங்கி நிற்பவை யானைகள்! சலவைக்கல்லில் செதுக்கிய யானைகள். அவற்றின்மீது துயில்வோருள் ஒருவர் மனுவேல் மன்னர். மற்றொருவர் அவர் மகன் மூன்றாம் சுவாம் மன்னர். இவ்விரண்டாமவர் பெயரைத் தமிழர் மறத்தற்கில்லை. காரணம் வருமாறு.

தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊர்

1554ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இம்மன்னரின் ஆணைப்படி லிஸ்பன் நகரில் ஒரு சிறுநூல் அச்சாயிற்று. கிறித்துவ மன்றாட்டுகளைத் தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் கற்பிக்கும் கையேடு அது. கார்த்திலியா என்பது அதன் பெயர். அரிச்சுவடி போன்ற தொடக்கப் புத்தகம் என்று பொருள் கொள்ளலாம். இந்திய மொழிகளுள் அச்சு வாகனம் ஏறிய முதல் மொழி தமிழ் என்னும் பெருமை இந்நூலால் வந்தது. ஆனால் அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழ்ச் சொற்கள் அனைத்தும் உரோமன் எழுத்தில் கோக்கப்பட்டு, அவற்றோடு போர்த்துக்கீசியப் பொருளும் தரப்பட்டிருக்கிறது. அப்போது தமிழுக்கு வார்த்த எழுத்துகள் உலகில் எங்கும் இல்லை. தமிழ் எழுத்திலேயே அமைந்த முதல் அச்சு நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 24 ஆண்டுகள் கழித்து, 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் செய்த அந்நூல் 16 பக்கங்களே உடையது.

கார்த்திலியாவை உருவாக்கியவர் இந்தியர் மூவர். வின்சென்ட் நசரேத், சோர்சு கர்வாலியோ, தோமா த குரூஸ் என்பன நூலில் நிற்கும் பெயர்கள். இவை மதம் மாறியபின் இடப்பட்ட பெயர்கள் என்பது வெளிப்படை. அன்னை இட்ட பெயர்கள் யாவையோ? தம் தாய்மொழியின் ஒலிகளை அயலார் எழுத்தில் அடைக்க அவர்கள் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பர் என்பதை, ழகர ளகர லகரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தால் விளங்கும். உரோமன் எழுத்தில் தமிழைத் தட்டெழுதும் இக்கால இளைஞரின் இடரும் அதுவே. அது 470 ஆண்டுப் பழமை உடையது!

இந்நூலின் படி ஒன்று பெலெமில் உள்ள அருங்காட்சியகத்தில் இருப்பதைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் தனிநாயகம் அடிகளார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய அதே பெருமகனார். வத்திக்கானில் இருந்த, 1679இல் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை அதே 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொணர்ந்தவரும் அவரே. லிஸ்பன் தேசிய நூலகத்தில் அண்டிரிக் அடிகளார் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படியும் இருக்கிறது.

பெலெம் அருங்காட்சியகம் இன்று தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் என்னும் பெயரில், செரோனிமோஸ் மடத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ளது. 2022இல் அது சீரமைப்புக்காக மூடப்பட்டது. ஆகவே உள்ளே செல்ல விரும்புவோர் முன்னதாகவே திறப்பு நிலையைக் கேட்டறிதல் வேண்டும். திறந்திருப்பினும், இத்தகைய அரிய ஏடுகளை ஒரு நாள் பயணிக்கு எடுத்துக் காட்டும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை. அதனால் மனம் தளர வேண்டா. யானைகள் தாங்கும் அரசர் பேழை ஒருபுறம், அவ்வரசர் ஆணையால் பிறந்த தமிழ்ச் சுவடியின் நினைவு மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே சிறிது நேரம் அமைதியாக நிற்பதே அன்றைய காலையின் பயன்.

கரையோரத்தின் பெருமிதம்

மடத்தின் எதிரே, ஆற்றங்கரையில் கப்பலின் முன்பகுதி போன்ற வெண்ணிறச் சின்னம் ஒன்று 50 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கடலோடிகளின் நினைவாக 1960இல் எழுப்பியது. இளவரசர் என்ரிக் முன்னே நிற்க, காமாவும் கமோயிசும் அல்புகர்க்கும் பிறரும் பின்தொடர்கின்றனர். அவர்களுள் பிரான்சிஸ் சவேரியாரும் ஒருவர். 1541இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறிய சவேரியார், முத்துக்குளித்துறையில் தமிழ் மன்றாட்டுகளை மனப்பாடம் செய்து ஓதியவர்; 1545இல் மலாக்கா வந்தவர்; 1552இல் சீனக் கரையோரம் இறந்து, மறு ஆண்டு சில திங்கள் மலாக்காக் குன்றில் புதைக்கப்பட்டிருந்து, பின் கோவா சேர்ந்தவர். லிஸ்பன், தூத்துக்குடிக் கரை, மலாக்கா ஆகிய மூன்றையும் ஒரே வாழ்க்கையில் இணைத்தவர் அவர்.

சின்னத்தின் முன்னுள்ள தரையில் 50 மீட்டர் விட்டமுடைய திசைகாட்டியும், அதன் நடுவில் உலகப் படமும் பல நிறக் கற்களால் பதிக்கப்பட்டுள்ளன. படத்தில் நம் தீபகற்பத்தைத் தேடி அங்கே நின்று மேலே நோக்குக. அல்புகர்க் அங்கே வீரர். மலாக்காவில் அவர் யார்? ஒரே மனிதர் ஓரிடத்தில் வெற்றி வீரராகவும் மற்றோரிடத்தில் ஊரழித்தவராகவும் நிற்பது எவ்வாறு என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் ஏற்ற இடம் கிடைத்தல் அரிது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிவந்த கலங்களும் இந்த ஆற்றில்தான் நங்கூரமிட்டன. அவர்களுக்குச் சின்னத்தில் இடமில்லை. வல்லாட்சிக் காலத்தில் எழுந்த சின்னம் அது. அது திறந்த மறு ஆண்டே, 1961 டிசம்பரில், கோவா இந்தியாவோடு சேர்ந்தது. சினம் கொண்டு திரும்பிவிடுதலும் முறையன்று. மயங்கி வியத்தலும் முறையன்று. கல்லில் எழுதியதைப் படிப்பதோடு எழுதாமல் விட்டதையும் படித்தல் கற்றவர் கடன்.

நேரமிருப்பின் கரையோரமாக மேற்கே நடந்து பெலெம் கோபுரத்தை வெளியிலிருந்து காணலாம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இக்காவற் கோபுரத்தின் சிறுமாடம் ஒன்றின் அடியில் காண்டாமிருகத்தின் தலை செதுக்கப்பட்டுள்ளது. குஜராத்துச் சுல்தான் அளித்து, 1515இல் லிஸ்பன் வந்து இறங்கிய விலங்கின் நினைவு அது. காற்றாலும் நீராலும் தேய்ந்திருப்பதால் உற்றுநோக்கினால்தான் புலப்படும்.

புறப்படுமுன் பெலெமின் முட்டைப் பாலாடைப் பணியாரத்தைச் சுவைத்தல் பலர் வழக்கம். மடங்கள் 1834இல் கலைக்கப்பட்டபின், மடத்துச் சமையல் முறையைக் கொண்டு 1837 முதல் இங்கே அது விற்கப்படுகிறது. நம் ஊர்க் கடைகளில் 'எக் டார்ட்' என்று விற்பதில் போர்த்துக்கீசிய வகை எனப்படுவது இதன் வழிவந்ததே. மேலே தூவும் பட்டைப் பொடியும் கீழ்த்திசை நினைவே. புலால் உண்ணாதோரும் பன்றியிறைச்சி விலக்குவோரும் ஒன்றை அறிக. பச்சைக் கீரைச் சாறு என்று உணவகங்களில் தருவதில் பன்றியிறைச்சித் துண்டு மிதப்பது அந்நாட்டு வழக்கம். கேட்டறிந்து உண்க.

நண்பகல்: இல்லாத அரண்மனை

டிராம் வண்டியில் நகர நடுவுக்கு மீண்டால், மூன்று புறம் மஞ்சள் நிற மாளிகைகளும் ஒரு புறம் ஆறும் சூழ்ந்த பெருந்திடல் ஒன்று வரும். வணிகத் திடல் என்பது அதன் பெயர். ஆயினும் ஊரார் இன்றும் அதனை 'அரண்மனைத் திடல்' என்றே வழங்குகின்றனர். அங்கே அரண்மனை எதுவும் இல்லை! இந்த இல்லாமையே நண்பகற் பாடம்.

மனுவேல் மன்னர் ஆற்றங்கரையில் கட்டிய அரண்மனை இங்கே இருந்தது. அதனோடு இந்திய இல்லம் என்னும் அரசாங்கப் பண்டகசாலையும் இருந்தது. கீழ்த்திசையிலிருந்து வந்த மிளகும் பட்டையும் கிராம்பும் இங்கேதான் நிறுக்கப்பட்டன, விலை குறிக்கப்பட்டன, கணக்கில் ஏறின. கப்பலில் சென்றோர் பெயரும் வந்த சரக்கின் அளவும் எழுதிய ஏடுகள் இங்கே குவிந்திருந்தன.

1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாள். மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் நிலம் நடுங்கிற்று. இடிபாட்டிற்கு அஞ்சி ஆற்றங்கரைக்கு ஓடியோர் நீர் பின்வாங்கக் கண்டனர். பின்னர் அது மலைபோல் எழுந்து வந்தது. அதன்பின் பற்றிய தீ பல நாள் எரிந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நாகையிலும் பினாங்கிலும் நிகழ்ந்ததை அறிந்த தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டா. அரண்மனையும் நூலகமும் இந்திய இல்லமும் அழிந்தன. கீழ்த்திசையைப் பற்றிய ஏடுகள் பல அன்றே மறைந்தன. மலாக்கா வரலாற்றின் சில பக்கங்கள் மலாக்காவில் அல்ல, லிஸ்பனில் எரிந்து போயின.

அழிந்த நகரை மீண்டும் எழுப்பியவர் பொம்பால் பிரபு எனப்படும் அமைச்சர். திடலுக்கு வடக்கே நேர்நேராகச் செல்லும் தெருக்கள் அவர் காலத்தவை. அங்குள்ள வீட்டுச் சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துக் கூண்டுபோல் அமைத்தனர். நிலம் ஆடினும் மரம் வளைந்து கொடுக்கும். சுவர் விழினும் கூண்டு நிற்கும் என்பது கருத்து. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடக் கலையில் இது முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

இத்திடலுக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் விடியலில், நெடுநாள் வல்லாட்சியை வீழ்த்த எழுந்த படைவீரர்கள் தம் வண்டிகளோடு வந்து நின்றது இங்கேதான். அதன் விளைவாக ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றன. கப்பல்கள் புறப்பட்ட நகரிலேயே பேரரசு முடிவுக்கு வந்தது.

தெருவில் ஒரு சொல்லாய்வு

வடக்கு நோக்கிச் செல்லும் தெருக்களில் நடக்கும்போது, தமிழாசிரியர்க்கு உரிய வேலை ஒன்றுண்டு. கடைப் பலகைகளைப் படித்தலே அது. காலணி விற்கும் கடையில் 'சப்பாத்து' என்னும் சொல் ஒளிந்திருக்கும். திறவுகோல் செய்வோர் கடையில் 'சாவி' இருக்கும். உணவகத்தில் 'மேசை', துணிக்கடையில் 'துவாலை', மரச்சாமான் கடையில் 'அலமாரி', வீட்டுச் சுவரில் 'சன்னல்'. இவையும் பீப்பாய், ஏலம், பாதிரி முதலியனவும் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை என்பர் மொழிநூலார்.

மலாய் மொழியும் இதே கடலில் வலை வீசியது. சன்னலைக் குறிக்கும் 'ஜெண்டேலா', வெண்ணெயைக் குறிக்கும் 'மெந்தேகா', தேவாலயத்தைக் குறிக்கும் 'கெரேஜா', கொடியைக் குறிக்கும் 'பெண்டேரா', பாலாடைக் கட்டியைக் குறிக்கும் 'கேஜு' ஆகியன அவ்வகை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் நம் பள்ளிகளின் வாயிற்பலகையில் காணும் 'செகோலா' என்னும் சொல்லும் லிஸ்பன் கப்பலில் வந்ததே. தோட்டப்புறப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் மேசையையும் சன்னலையும் அலமாரியையும் சுட்டிக்காட்டினால் போதும். 1511ஆம் ஆண்டு அங்கேயே தொடங்கிவிடும்.

கொண்டது மிளகு, கொடுத்தது மிளகாய் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். அமெரிக்கக் கண்டத்திற்கு உரிய மிளகாயும் முந்திரியும் போர்த்துக்கீசியர் வாயிலாகவே நம் சமையலறைக்கு வந்தன. மலாக்காவின் ஊஜோங் பாசிரில் வாழும் போர்த்துக்கீசிய வழியினர் பேசும் கிறிஸ்தாங் மொழி, அவ்வுறவின் இன்னொரு எச்சம். லிஸ்பன் தெருவில் காதில் விழும் சொற்கள் சிலவற்றை மலாக்காவிலும் கேட்கலாம்.

மாலை: சுவரில் நிற்கும் அரண்மனை

வெயில் தாழ்ந்தபின் கிழக்கே உள்ள அல்பாமாக் குன்றில் ஏறுக. அரபு மொழிப் பெயர் தாங்கிய இப்பகுதி, 1147இல் போர்த்துக்கீசிய மன்னர் நகரை வெல்லும்முன் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தை நினைவூட்டுவது. நிலநடுக்கத்தில் இதன் பெரும்பகுதி தப்பியதால், பழைய லிஸ்பனின் குறுகிய சந்துகளை இங்கே இன்றும் காணலாம். 28ஆம் எண் டிராம் இவ்வழியே ஏறுகிறது. ஆனால் அதில் கூட்டம் மிகுதி. பையறுப்போர் கைவரிசையும் மிகுதி. பெருங்கோயிலைக் கடந்து மெல்ல நடந்தாலே சாந்தா லூசியா தேவாலயத்தின் முற்றத்தை அடைந்துவிடலாம். நடைபாதைகளில் பதித்த சுண்ணாம்புக் கற்கள் மழையில் வழுக்கும். பிடிப்புள்ள காலணி இன்றியமையாதது.

முற்றத்திலிருந்து கூரைகளும் ஆறும் தெரியும். யாவரும் அக்காட்சியை நோக்கி நிற்பர். ஒரு வினாவோடு வந்தவரோ திரும்பித் தேவாலயத்தின் வெளிச்சுவரை நோக்க வேண்டும். நீலமும் வெண்மையுமான ஓடுகளால் அங்கே ஒரு படம் பதிக்கப்பட்டிருக்கிறது. 1755க்கு முன்பிருந்த அரண்மனைத் திடலின் படம் அது! நண்பகலில் வெறுமையாகக் கண்ட இடத்தில் இருந்த அரண்மனை, மாலையில் சுவரில் எழுந்து நிற்கிறது. காலையில் தொடங்கிய பாடத்துக்கு இதனைவிடச் சிறந்த மீள்பார்வை வேறு வேண்டா. முற்றத்தில் அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்து, எடுத்தவை, கொடுத்தவை, நினைவில் வைத்தவை என்று மூன்று பத்திகள் வரைந்து எழுதுக. நான்காவதாக மறந்தவை என்று ஒரு பத்தியும் சேர்த்தல் நன்று.

விட வேண்டியவை

இத்திட்டத்தில் பலவும் விடுபட்டுள்ளன என்பது உண்மையே. மலைமேல் உள்ள சிந்த்ரா அரண்மனைகளுக்கே ஒரு முழுநாள் வேண்டும். 1998ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்கென எழுந்த கடல்வாழ் உயிர்க் காட்சியகம் நகரின் மறுகோடியில் உள்ளது. இவற்றையும் ஒரே பகலில் சேர்க்க முயல்வோர் எதனையும் காணமாட்டார். மாறாக, மழை பெய்தாலோ மடத்தில் வரிசை நீண்டாலோ மாற்று ஏற்பாடு ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் தகும். பெலெம் செல்லும் வழியில் அல்காந்தராவில், பழைய கருவாட்டுக் கிடங்கு ஒன்றில் 2008இல் திறந்த கீழ்த்திசை அருங்காட்சியகம் அதற்கு ஏற்றது. போர்த்துக்கீசியர் ஆசியாவோடு கொண்ட உறவை விளக்கும் பொருள்கள் அங்கே உள்ளன. வினா மாறாமல் இடம் மட்டும் மாறினால் நாள் வீணாகாது.

இம்முறை லிஸ்பனுக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் செல்வோர்க்கும் ஆம்ஸ்டர்டாம் செல்வோர்க்கும் இது பொருந்தும். அந்நகரங்களிலும் நம் கரையிலிருந்து சென்ற பொருளும் ஏடும் சொல்லும் உண்டு. புறப்படுமுன் வீட்டிலேயே வினாவை எழுதிக்கொள்வதுதான் வேண்டுவது. அவ்வினாவும் நம் ஊர் வாயிலில் தொடங்குவதாக இருத்தல் நலம். லிஸ்பனைக் காணுமுன் மலாக்காவின் சந்தியாகு வாயிலை ஒருமுறை நின்று நோக்குக. மீண்டு வந்தபின் மறுமுறை நோக்குக. மாணவரையும் உடன் அழைத்துச் செல்க. அன்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஊர்ப்பெயர்கள் மட்டும் விடையாக வாரா.